பயத்துக்கு இருபது மதிப்பெண்

அந்தோணிமுத்து பொன்வயல் கலை அறிவியல் கல்லூரிக்குப் போனது பேனர் கட்டுவதற்காக. போன முக்கால் மணி நேரத்தில் திரைப்பட வல்லுநர் ஆகிவிட்டார். இதில் அவர் பேரில் தவறு எதுவும் இல்லை.

திண்டுக்கல்லில் நத்தம் சாலையில் பன்னிரண்டு வருடமாக ஃபிளெக்ஸ் கடை வைத்திருப்பவர் அவர். காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, ஒரே பேனருக்குள் நாற்பத்திரண்டு சொந்தக்காரர்களின் முகங்களை ஒருவருக்கும் மனத்தாங்கல் வராதபடி அடுக்கத் தெரிந்தவர். தாய்மாமன் முகம் சித்தப்பா முகத்தைவிட அரை அங்குலம் சிறுத்துவிட்டால் ஒரு குடும்பமே இரண்டாகும் என்பதை அறிந்தவர். ஆகவே எந்த இடத்துக்குப் போனாலும் அங்கே எத்தனை முகம் இருக்கிறது என்று முதலில் எண்ணிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிட மாட்டார். பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதைச் சொல்ல வேண்டிவரும். சாமியார் அவர் கடையில் பேனர் அடிக்கிறவர். அந்தக் கூச்சத்துக்காகவே பொய்யைக் குறைத்துக்கொண்டவர்.

அன்றைக்குக் கட்ட வேண்டிய பேனரில், 'திகில் திரைப்பட முன்னோட்டம் மற்றும் விளம்பரப் பொருட்கள் மதிப்பீட்டு விழா' என்று இருந்தது. கீழே சென்னையிலிருந்து வரப்போகும் வல்லுநரின் படம், தாடியோடு. அந்தோணிமுத்து ஏணியில் நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது விஸ்காம் துறைத்தலைவர் பிரபு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணே, எறங்குங்க. சென்னைக்காரர் வரலையாம்."

"அப்ப பேனர அவுத்துரவா சார்?"

"பேனர் இருக்கட்டும். ஆளத்தான் மாத்தணும்."

விதி அப்படி. மதிப்பீட்டுக் குழுவில் தொழில்துறை வல்லுநர் ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் மதிப்பீடு செல்லாது. மாலை நான்கு மணிக்குள் மதிப்பெண் கணினியில் ஏறாவிட்டால் தேர்வே செல்லாது. பிரபு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஏணியில் இருந்தவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க விளம்பரத் தொழில்ல எத்தன வருசமா இருக்கீங்க?"

"பன்னெண்டு வருசம்."

"போஸ்டரெல்லாம் உங்க கைலதான உருவாகுது?"

"என் மிசின்ல உருவாகுது சார்."

"போதும். எறங்குங்க."

சென்னைக்காரரின் பெயர்மேல் வெள்ளை ஸ்டிக்கரை வெட்டி ஒட்டி, அதில் தன் பெயரைத் தானே மார்க்கரால் எழுதினார் அந்தோணிமுத்து. பெயர் அவருடையது, தாடி சென்னைக்காரருடையது. "மொகத்த என்ன சார் பண்றது?" என்று கேட்டார். "பேனர்ல மொகத்த யாருண்ணே பாக்கப் போறா?" என்றார் பிரபு. பன்னிரண்டு வருடத் தொழிலை ஒரே வார்த்தையில் இப்படி யாரும் அவரிடம் தள்ளிப் பேசியதில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் மனைவி அன்புக்கரசி.

"என்னங்க, காதுகுத்து பேனருக்கு ஆளு வந்து உக்காந்திருக்கு. எப்ப வாரீக?"

"செத்த நேரம் இருக்கச் சொல்லு. இங்க என்னைய வல்லுநரா ஆக்கிட்டாக."

"எதுக்கு?"

"பயப்படுறதுக்கு."

"சாப்டுட்டுப் பயப்படுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மொத்தம் பதினோரு முன்னோட்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. எல்லாவற்றையும் சேர்த்து இருபது நிமிடத்தில் பார்த்துவிடலாம். தொடக்க விழா ஒரு மணி பத்து நிமிடம் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். நிறுவனர் மரக்கன்று நடும் படம் போட்டார்கள். அவர் நடும் வேகத்தைப் பார்த்தால் அந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்து மிச்சப் படத்தையும் பார்த்துவிடலாம் போலிருந்தது. அந்தோணிமுத்துவுக்குச் சால்வை போர்த்தினார்கள். மே மாத வெயிலில் அவர் அதைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்தார். நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

முதல்வர் டாக்டர் முத்துக்கிருஷ்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம் கல்லூரியில் பயத்துக்குக் குறைவில்லை. முதலாமாண்டு மாணவர் முதல் மூத்த பேராசிரியர் வரை அனைவரும் என்னைக் கண்டு பயப்படுகிறார்கள் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பயத்தை நாம் இதுவரை ஆவணப்படுத்தவில்லை. ஆவணப்படுத்தாத பயம் பயமே அல்ல. அடுத்து, நம் வருகைப் பதிவு. தொண்ணூற்றாறு சதவீதம். புயல் அடித்த நாளிலும் தொண்ணூற்றாறு. அரசு விடுமுறை விட்ட நாளிலும், நாம் அறியாமலேயே, தொண்ணூற்றாறு!"

கைதட்டல் எழுந்தது. அந்தோணிமுத்துவும் தட்டினார்.

அடுத்து, தர உறுதி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் கௌசல்யா மேடம் மதிப்பீட்டுப் படிவத்தை விளக்கினார். மொத்தம் ஐம்பது மதிப்பெண். இருபத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. பயத்துக்கு இருபது, விளம்பரப் பொருட்களுக்கு இருபது, வருகைக்குப் பத்து.

"பயத்தை நாலாப் பிரிச்சிருக்கோம் சார். தொடக்கப் பயம் அஞ்சு, இடைப் பயம் அஞ்சு, நீடித்த பயம் அஞ்சு, சமூகப் பொறுப்புள்ள பயம் அஞ்சு."

"கடைசிது என்னங்க மேடம்?"

"பயப்படும்போது தண்ணீரைச் சேமிக்கணும், பெண்மையை மதிக்கணும். அந்த மாதிரி." தாளைப் புரட்டினார். "ஏழாவது பிரிவு முக்கியம். பேராசிரியர்கள் பயந்தாங்களா இல்லையான்னு அவங்களே சொன்னா அது பாரபட்சம் ஆயிடும். அதனால பயத்தைப் பொறுத்தவரை வல்லுநர் எழுதறதுதான் இறுதி. அதுக்கு ஆதாரமா போட்டோ வேணும். இடம், நேரம் ரெண்டும் அடியில தானா பதிவாகிற போட்டோ. நியாஸ் எடுப்பார்."

கணினிப் பிரிவைச் சேர்ந்த நியாஸ் கையில் டேப்லெட்டோடு சுவரோரம் நின்றார். அன்றைக்கு அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான்.

முன்னோட்டங்கள் ஓடத் தொடங்கின. ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் அறையில் விளக்கை அணைக்கக் கூடாது என்பது ஒழுங்குக் குழுவின் விதி. ஆகவே எட்டுக் குழல்விளக்குகளும் எரிந்தன. பக்கத்து அறையில் 'மன அமைதிக்கான வழிகள்' என்ற பயிலரங்கம் நடந்ததால் சத்தமும் கூடாது. பேய்கள் வாயைத் திறந்து அலறுவது தெரிந்தது, கேட்கவில்லை. முதல் பேய்க்கு வெள்ளைச் சேலை. இரண்டாவதற்கும் அதே சேலை, அதே மடிப்பு. ஒரே சேலையை எல்லாரும் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள் என்று ஐந்தாவது பேயில் அந்தோணிமுத்துவுக்குப் பிடிபட்டது. ஒருவருக்கொருவர் உதவியாக இருந்திருக்கிறார்களே என்று நெஞ்சுக்குள் பாராட்டினார்.

ஒவ்வொன்றும் முடிந்தவுடன் நியாஸ் முன்னால் வந்தார்.

"சார், பயந்த மாதிரி இருங்க. மேடம், வாயைக் கொஞ்சம் தெறங்க."

முதல்வர் கண்ணியமாகப் பயந்தார்: ஒரு கையை மார்பில் வைத்து, கேமராவை நேராகப் பார்த்து. பிரபு முதல்வரைவிட ஒரு பிடி குறைவாகப் பயந்தார். அந்தோணிமுத்துவுக்குத்தான் வரவில்லை. "அண்ணே, மிசின்ல இங்க் ஒழுகிட்ட மாதிரி நெனச்சுக்கங்க" என்று நியாஸ் சொல்லிக்கொடுத்த பிறகு சரியாக வந்தது.

பிறகு போஸ்டர்கள். கல்லூரியின் எல்லா விளம்பரப் பொருட்களிலும் நிறுவனர், தலைவர், செயலர், இணைச்செயலர், முதல்வர் ஆகிய ஐவரின் படம் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. பத்துப் பேய்களும் அந்த ஐந்து புன்னகைகளுக்கு நடுவே ஒடுங்கி நின்றன. ஒன்றில் பேயின் கூந்தல் செயலரின் சால்வைமேல் விழுந்திருந்தது. அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்தார்கள். இதை மட்டும் அந்தோணிமுத்து ஒப்புக்கொண்டார். அடுக்குவதில் அது பிழைதான்.

பத்தாவது முடிந்து இடைவேளை விட்டபோது, ஒல்லியான ஒரு பெண் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"காலைலருந்து உங்களுக்கு யாரும் தண்ணி குடுக்கல சார். பேனர் கட்டுனது நீங்கதான?"

"ஆமம்மா. நீ எந்த ஊரு?"

"குஜிலியம்பாறை பக்கம். பேரு கீர்த்தனா. அடுத்தது என்னோடதுதான்." குரலைத் தாழ்த்தினாள். "மதுரையில எடிட்டிங் வேல கெடச்சிருக்கு சார். திங்கக்கெழம சேரணும், பாஸுன்னு தாளு கொண்டாரச் சொல்லிருக்காக. பெயிலுன்னா அடுத்த வருசந்தான் மறுபடி. அதுவரைக்கும் எங்க வீட்டுல என்னைய விட்டு வைக்க மாட்டாக. மாப்ள வீட்டுக்காரக ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாக."

அவர் தண்ணீரைக் குடித்தார். வெயிலுக்கு அது அமிர்தமாக இருந்தது. "மாதா பாத்துக்குவாம்மா" என்றார். இப்படிச் சொன்னால் கொஞ்சம் வேலை தம் தலையிலும் விழும் என்பது அவருக்குப் பழக்கம்தான்.

கீர்த்தனாவின் போஸ்டரை மேசைமேல் விரித்தார்கள். ஒரு வகுப்பறை பெஞ்சு. ஒரு ஓரத்தில் பெண்ணொருத்தி. மறு ஓரம் காலி. நடுவே ஒரு சாப்பாட்டு டப்பாவின் மூடி. தலைப்பு: 'எட்டாம் எண்'. ஐந்து படங்களில் ஒன்றுகூட இல்லை.

"நிறுவனர் எங்கே?" என்றார் முதல்வர்.

"பேய்ப் பட போஸ்டர்ல ஐயாவை எப்படிப் போடுறது சார்?"

"ஏன், பேய்க்குக் கொடுத்த இடத்துல பாதியைக் கொடுத்தாப் போதாதா?"

விளம்பரப் பொருட்களுக்கு இருபதுக்கு இரண்டு என்று பிரபு எழுதினார். காகிதம் நன்றாக இருந்ததற்காக அந்த இரண்டு.

போஸ்டரைப் பார்த்தபடியே அந்தோணிமுத்து மெல்லச் சொன்னார்: "ஆளக் கொறச்சுருக்குது சார். காலியா இருக்குற எடத்துலதான் கண்ணு போயி நிக்கிது." யாரும் கேட்கவில்லை.

முன்னோட்டத்தை ஓடவிட்ட அந்த நொடியில் மின்சாரம் போயிற்று. எட்டு விளக்குகளும் அணைந்தன. திரை மட்டும் யுபிஎஸ்ஸில் உயிரோடிருந்தது. பக்கத்து அறையில் மன அமைதிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நியாஸ் யாரையும் கேட்காமல் சத்தத்தைக் கூட்டினார்.

ஒரு வகுப்பறை. மின்விசிறி முனகுகிறது. முகம் தெரியாத ஒரு குரல், சலிப்போடு, வருகை எடுக்கிறது. ஒன்று. உள்ளேன் ஐயா. இரண்டு. உள்ளேன் ஐயா. எட்டு. கேமரா காலி பெஞ்சுக்குத் திரும்புகிறது. உள்ளேன் ஐயா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள். எட்டு. உள்ளேன் ஐயா. மழை நாள். எட்டு. உள்ளேன் ஐயா. பெஞ்சின் மேல் தூசி ஏறிக்கொண்டே போகிறது. பதிவேட்டில் அந்த வரிசை மட்டும் ஒரு நாள் விடாமல் நிரம்பிக்கொண்டே போகிறது. பெஞ்சின் மறு ஓரத்தில் இருக்கும் பெண் ஒரு நாள் தன் டப்பாவைத் திறக்கிறாள். மூடியில் ஒரு கை எலுமிச்சஞ்சோறு வைத்துத் தூசிக்குள் தள்ளுகிறாள். "சாப்டியா?" என்கிறாள்.

மின்விசிறியின் முனகல் மட்டும். பிறகு, காதுக்குப் பக்கத்தில், மூச்சு படுகிற மாதிரி ஒரு குரல்:

"வந்துட்டேன் வந்துட்டேன்னு எழுதுறாங்களே. எங்க இருக்கேன்னு ஒருத்தரும் கேக்கலயேக்கா."

திரை இருண்டது.

அந்தோணிமுத்துவின் கையில் ரோமம் குத்திட்டு நின்றது. அப்புறம் கண் நிறைந்தது. சால்வை அப்போதுதான் உதவியது. ஆனால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, தன்னைவிட அதிகமாகப் பயந்தவர்கள் அந்த அறையில் மூன்று பேர் இருப்பது டேப்லெட்டின் பளிச்சென்ற வெளிச்சத்தில் தெரிந்தது. முதல்வர் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டிருந்தார். கௌசல்யா மேடம் பிரபுவின் முழங்கையைப் பிடித்திருந்தார். பிரபு தமக்கு முழங்கை இருப்பதையே மறந்திருந்தார்.

விளக்குகள் எரிந்தன.

"இந்த எட்டு உனக்கு யார் சொன்னது?" முதல்வரின் குரல் பிசிறடித்தது.

"யாரும் சொல்லல சார். எங்க கிளாஸ்ல எட்டாவது பேரு புவனேஸ்வரி. மொத ரெண்டு வாரம் எம் பக்கத்துல உக்காந்திருந்தா. எலுமிச்சஞ்சோறுன்னா அவளுக்கு உசுரு. அப்புறம் வரல. ஆனா தெனம் பேரு கூப்டுறாக, தெனம் வந்ததா மார்க் விழுகுது. மொத வருசமே பிரபு சார்ட்ட வந்து, புவனேஸ்வரி எங்க சார்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?" என்றார் பிரபு, உண்மையிலேயே நினைவில்லாமல்.

"ரெஜிஸ்டரத் தெறந்து காட்டுனீங்க சார். 'அவ நூறு பர்சென்ட் வந்திருக்கா, நீ எண்பத்தொண்ணுதான். ஒன் கதையப் பாரு'ன்னு சொன்னீங்க. அன்னைலருந்துதான் சார் எனக்குப் பயம் வந்துச்சு."

மற்ற மாணவர்களை அனுப்பிவிட்டு, அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு சாத்தப்பட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"துறைக்குப் பன்னெண்டு பேர் இருக்கணும். பதினொண்ணுன்னா பல்கலைக்கழகத்துல மூடச் சொல்லிடுவாங்க" என்றார் பிரபு. "ஒரு பொண்ணு போனதுக்காக ஒரு துறையே போகணுமா? நான் எங்க போவேன்?"

"அது கருணை சார்" என்றார் கௌசல்யா. "அந்தப் பொண்ணு என்னைக்காவது திரும்பி வந்தா வருகை குறைஞ்சு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் நாம தினமும் போட்டோம்."

"நல்ல மனசுங்க மேடம்" என்றார் அந்தோணிமுத்து. கேலி செய்யவில்லை, அப்படித்தான் நம்பினார். "அந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒரு எட்டு போயி என்ன ஏதுன்னு பாத்தீகளா?"

"வந்துக்கிட்டிருக்கற பொண்ணோட வீட்டுக்கு எதுக்கு சார் போகணும்?" என்று கௌசல்யா மேடம் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே ஏதோ போலாகி, தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார்.

முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். இந்த முன்னோட்டத்தைப் பார்த்துக் குழுவில் யாரும் பயப்படவில்லை. ஆகவே பயத்துக்குப் பூஜ்யம். விளம்பரப் பொருட்களுக்கு இரண்டு. எண்பத்தொரு சதவீத வருகைக்கு ஐந்து. மொத்தம் ஏழு.

"சார், நீங்க பயந்தீகளே" என்றார் அந்தோணிமுத்து.

"நானா? கரண்ட் போச்சேன்னு எந்திரிச்சேன்."

"எந்திரிச்சவுக நடக்கல சார். பாதியிலயே நின்னுட்டீக."

நியாஸ் கேட்காமலே டேப்லெட்டை மேசைமேல் வைத்தார். மூன்று முகங்கள். காலையிலிருந்து எடுத்த பத்துப் படங்களில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. முதல்வரின் கை மார்பில் இல்லை. அவர் கேமராவைப் பார்க்கவுமில்லை. படத்துக்குக் கீழே: பொன்வயல் கலை அறிவியல் கல்லூரி, திண்டுக்கல், பிற்பகல் 2.41.

"இத அழிச்சிடு நியாஸ்."

"எடுத்தவுடனே தானா ஏறிடும் சார். அழிக்க முடியாத மாதிரி நீங்கதான் போன வருசம் வாங்குனீங்க. அதுக்கு ஒரு விழாகூட வச்சோம்."

ஏழாவது பிரிவு மேசைமேல் திறந்தே கிடந்தது. அந்தோணிமுத்து பேனாவை எடுத்தார். படிவத்தில் எழுதிப் பழக்கமில்லாத கை. பயம்: இருபது. ஆதாரம் என்ற கட்டத்தில், 'மூவரும் பயந்தார்கள். நானும் பயந்தேன். நான் பார்த்தேன்' என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவரைப் போல அழுத்திக் கையெழுத்திட்டார். இருபதும் இரண்டும் ஐந்தும் இருபத்தேழு.

முதல்வர் கூட்டிப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். மணி மூன்றரை. அவர் முகத்தில் திடீரென்று ஒரு கனிவு வந்தது.

"போகட்டும். ஏழைப் பொண்ணு, பாஸாகட்டும். நல்லது செஞ்சிருக்கீங்க. இதே பேனாவால மிச்சப் படிவத்திலயும் போட்டுக் கொடுத்திருங்க, கிளம்பலாம். உங்க கடையில ஆள் காத்திருக்கில்ல?"

படிவங்களில் மதிப்பெண்கள் முன்பே நிரப்பப்பட்டிருந்தன. அந்தோணிமுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்திட்டார். இது மோகினி, சரி. இது கிணற்றுப் பேய், சரி. எட்டாவது தாளில் பேனா நின்றது. பெயர்: புவனேஸ்வரி. பயம்: இருபது. விளம்பரம்: பத்தொன்பது. வருகை: பத்து. மொத்தம் நாற்பத்தொன்பது.

"இந்தப் பிள்ளை படத்த நான் பாக்கலயே சார்."

"அசந்திருப்பீங்க. வெயில் பாருங்க" என்றார் பிரபு.

"இல்லீங்க. காலைல பதினோரு மொகந்தான் எண்ணுனேன். படம் பாத்தது பதினொண்ணு. எண்ணுறதுல மட்டும் நான் ஏமாற மாட்டேன் சார். அதான் எம் பொழப்பு."

முதல்வர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தோணிமுத்து சார், நல்லாக் கேளுங்க. பன்னெண்டு தாளும் ஒரே கட்டு. ஒண்ணுல கையெழுத்து இல்லேன்னாலும் கம்ப்யூட்டர் கட்டையே திருப்பிடும். நாலு மணி தாண்டினா எல்லாரும் பெயில். அந்த கீர்த்தனாவும் பெயில். நீங்க போட்ட இருபதும் போச்சு. ஒரே ஒரு கையெழுத்து. அவ வாழ்க்கையே அதுலதான் இருக்கு."

பிரபு எழுந்து ஜன்னல்வரை போய்வந்தார். கௌசல்யா மேடம் பாட்டிலைத் திறந்தார், மூடினார். போன் சட்டைப்பைக்குள் நடுங்கி நடுங்கி ஓய்ந்தது. அந்தோணிமுத்து பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கதவுக் கண்ணாடி வழியாக வராந்தாவில் கீர்த்தனாவின் தோளும் பையின் பட்டையும் தெரிந்தன. அவள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். கையெழுத்துப் போட்டால் பொய். போடாவிட்டால் அந்தப் பெண் திங்கட்கிழமை மதுரைக்குப் போக மாட்டாள். சனிக்கிழமை சாமியாரிடம் எதைச் சொல்வது எளிது என்று யோசித்துப் பார்த்தார். கண்ணை மூடி 'அருள் நிறைந்த மரியே' செபம் ஒன்று சொன்னார். பாதி சொல்லும்போதே, எட்டாவது தாளில் இருக்கிற பிள்ளையும் யாரோ பெற்ற பிள்ளைதானே, அவளுக்கு இங்கே யார் உண்மையைச் சொன்னார்கள் என்று தோன்றிற்று. மிச்சத்தை மறந்துவிட்டார்.

கண்ணைத் திறந்து தாளை இழுத்தார். நாற்பத்தொன்பதின் குறுக்கே ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில், ஃபிளெக்ஸில் மணமகள் பெயர் எழுதுகிற அக்கறையோடு, முத்து முத்தாக எழுதினார்: வரவில்லை. கீழே கையெழுத்திட்டார்.

"இந்தாங்க சார். பன்னெண்டுலயும் போட்டாச்சு."

பிரபு தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். மூன்று வருடத்தில் அந்தப் பெயருக்கு நேரே அந்த வார்த்தை எழுதப்படுவது அதுதான் முதல் தடவை.

"வேற படிவம் எடுங்க!" என்றார் முதல்வர்.

"எடுக்க முடியாது சார்." கௌசல்யா மேடத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வல்லுநர் கையெழுத்தான தாளைத் திருத்தணும்னா குழு மறுபடி கூடணும். பதினஞ்சு நாள் முன்னாடி அறிவிப்பு. தொடக்க விழா. பதினோராவது பிரிவு. நான் எழுதினதுதான்."

மணி மூன்று ஐம்பத்திரண்டு. முதல்வர் நியாஸைப் பார்த்துக் கையை அசைத்தார். அது ஏற்று என்பதற்கான சைகையா, எப்படியோ போ என்பதற்கானதா என்பதை யாரும் ஆவணப்படுத்தவில்லை. நியாஸ் ஏற்றினார்.

கதவைத் திறந்து அந்தோணிமுத்து தலையை நீட்டினார். "பாஸும்மா. இருபத்தேழு." கீர்த்தனா சுவரில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தாள்.

"புவனேஸ்வரிக்கு என்ன சார் போட்டாங்க?"

"வரலைன்னு எழுதிருக்கேன்."

அவர் கிளம்புவதற்காக மேசைமேல் கிடந்த மார்க்கரையும் கத்தரியையும் பொறுக்கியபோது, முதல்வருக்கு முன்னால் இருந்த கல்லூரித் தொலைபேசி அடித்தது. முதல்வர் அதைத் தொடவில்லை. நியாஸ் எடுத்துக் கேட்டுவிட்டு, ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"பொன்வயல் காலேசுங்களா? நான் கன்னிவாடியிலருந்து பேச்சாயி பேசுறேங்க. 'உங்கள் மகள் புவனேஸ்வரி இன்று கல்லூரிக்கு வரவில்லை, காரணம் தெரிவிக்கவும்'னு போன்ல மெசேசு வந்திருக்குங்க."

மாணவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' ஏறினால் பெற்றோருக்குத் தானாகச் செய்தி அனுப்பும் ஏற்பாடு ஒன்று அந்தக் கல்லூரியில் இருந்தது. பதிவேட்டில் புவனேஸ்வரி ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை என்பதால் அவள் வீட்டுக்கு அது இதுவரை ஒரு செய்தியும் அனுப்பியதில்லை.

"ஆமாம்மா" என்றார் முதல்வர்.

"மூணு வருசமா அவ மில்லுக்குல்லங்க போறா. அவுக அப்பா மரத்துலருந்து விழுந்து கால ஒடிச்சுக்கிட்டப்ப நின்னவ. மொத ஒரு மாசம் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தா. காலேசுலருந்து யாராச்சும் ஏன் வரலன்னு கேப்பாகம்மா, கேட்டா ரெண்டு மாசத்துல வாரேன்னு சொல்லிரலாம்னா. ஒரு ஈ காக்கா வரல. நம்மள அவுகளுக்கு வேண்டாம் போலன்னு அவளே சொல்லிட்டு மில்லு வேன்ல ஏறிட்டா." மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "இப்ப மெசேசப் பாத்ததுலருந்து சின்னப்புள்ள கணக்கா குதிக்கிறாங்க. என்னையத் தேடிருக்காகம்மா, தேடிருக்காகம்மான்னு. இன்னைக்கு அவளுக்கு ராத்திரி சிப்டு, வீட்லதான் இருக்கா. அவரும் இப்ப எந்திரிச்சு நடமாடுறாரு. வரச் சொல்லவாங்க?"

அந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை. கௌசல்யா மேடம் பையில் கைக்குட்டையைத் தேடினார். பிரபு தரையைப் பார்த்தார். வாசலில் வந்து நின்ற கீர்த்தனா, முதல்வரை அப்படி நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தோணிமுத்துவும் பார்த்தார், கோபமாக இல்லை, உங்களால் முடியும் சார் என்கிற மாதிரி.

முதல்வர் தொலைபேசியின் பக்கம் குனிந்தார். காலையில் ஒலிபெருக்கியில் கேட்ட குரல் அல்ல அது.

"வரச் சொல்லுங்கம்மா. திங்கட்கிழமை வரச் சொல்லுங்க. என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க."

"ரொம்ப சந்தோசங்க" என்றாள் பேச்சாயி. பிறகு, எதையும் தவறவிட்டுவிடக் கூடாதே என்ற பதற்றத்தோடு கேட்டாள்: "எத்தன மணிக்குங்க அங்க பேரு கூப்டுவாக?"